மாடியில் கிடந்த டிவி ஆன்டெனாவும் உள்ளறை எஃப்எம் ரேடியோவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2017 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரலில் முடிந்த வேலை இது. இடம் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் 78 வயது அம்மா, அவருடைய மகன், மருமகள். அம்மாவுக்குக் கண் நீரழுத்தத்தால் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அந்த ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பும் முறிந்தது. அதுவரை திண்ணையை ஒட்டிய முன்னறையில் இருந்தவரை, கழிப்பறை பக்கத்தில் இருக்கட்டும் என்று நடுவில் உள்ள உள்ளறைக்கு மாற்றினார்கள். கட்டிலோடு அவருடைய ரேடியோவும் உள்ளே போனது. போன நாள் முதல் அதில் இரைச்சல்தான்.

நான் 1983 முதல் அந்த வட்டாரத்தில் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன். அந்த வீட்டு மாடியில் 1987இல் ஆன்டெனா ஏற்றியவனும் நானே. மகன் கடைக்கு வந்தார்.

"ரேடியோ கெட்டுப்போச்சுண்ணே. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காம முழிச்சிட்டே கெடக்கறாங்க. ஒருதடவ வந்து பாருங்க."

ரேடியோ கெடவில்லை. திண்ணையில் வைத்துப் பார்த்தபோது ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை எஃப்எம் ஸ்டேஷன்களான 101.4 ரெயின்போவும் 102.3 கோல்டும் கொஞ்சம் கரகரப்போடு வந்தன. உள்ளறைக்குக் கொண்டுபோனால் இரண்டும் இரைச்சலுக்குள் அமுங்கிவிட்டன.

செல்போனில் கேட்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்வை இல்லாத, எழுந்து உட்கார முடியாத ஒருவருக்குக் கண்ணாடித் திரையில் பிடிமானம் எதுவும் இல்லை. அந்த ரேடியோவின் திருகை எவ்வளவு நகர்த்தினால் எந்த ஸ்டேஷன் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். இருட்டில் அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பொருள் அது. அதே ரேடியோவை, அதே கட்டிலில், அவர் கைக்கே பேச வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

தூரமும் சுவரும்

அந்த ஊரிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 75 கிலோமீட்டர், வடகிழக்கில். எஃப்எம் அலை பெரும்பாலும் நேராகப் போவது; பூமியின் வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் எட்டும். ஒலிபரப்புக் கோபுரத்தின் உயரம் 150 மீட்டர், நம் ஆன்டெனா 10 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 63 கிலோமீட்டரோடு எல்லை முடிகிறது. அதற்கு அப்பால் கிடைப்பது மிச்சசொச்சம். இந்த வீடு அந்த மிச்சசொச்சத்தில் இருந்தது.

உள்ளறையின் மேல் கான்கிரீட் தளம், அதற்குள் ஒரு சாண் இடைவெளியில் கம்பிக்கட்டு. நான்கு பக்கமும் சுவர். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதிலும் இரும்பு கிராதி. எஃப்எம்மின் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அவ்வளவு நீள அலைக்குக் கம்பிக்கட்டும் கிராதியும் வலை போட்ட மாதிரி. திண்ணையில் தட்டுத்தடுமாறி வந்தது உள்ளே வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

என்னிடம் சிக்னல் அளக்கும் மீட்டர் கிடையாது. 0 முதல் 5 வரை காதாலேயே மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தேன். 0 என்றால் வெறும் இரைச்சல். 3 என்றால் பேச்சு முழுதும் புரியும், பாட்டை ரசிக்க முடியாது. 5 என்றால் சுத்தம். முதல் நாள் திண்ணையில் 3, உள்ளறையில் 0.

முதல் நாள்: மாடியில்

ஆன்டெனா அப்படியே இருந்தது. 1990களில் கேபிள் வந்த பிறகு அதைத் தொட்டவர் யாரும் இல்லை. குழாயில் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். கம்பிகள் ஐந்தும் வளையாமல், சென்னையைப் பார்த்தபடி நின்றன.

மகன் எனக்கு முன்பே ஒரு முயற்சி செய்திருந்தார். மாடியிலிருந்து இறங்கிய பழைய கேபிள் ஒயரை, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரின் அடாப்டரிலிருந்து கழற்றி, அதன் நடுக்கம்பியை ரேடியோவின் இழுவைக் கம்பியில் சுற்றியிருக்கிறார். சென்னை வரவில்லை. 102.8இல் புதுச்சேரி ரெயின்போ மட்டும் மங்கலாக வந்தது. "மெட்ராஸ் பக்கம் பாத்து நிக்கற ஆன்டெனால பாண்டி எப்படிண்ணே வருது?" என்று கேட்டார். காற்றில் திரும்பியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். திரும்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

பூஸ்டரைக் கழற்றினேன். அது நான்காம் சேனலுக்கென்று தயாரித்தது. அந்த அலைவரிசையைத் தவிர மற்றதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மின்சாரம் கொடுக்காவிட்டால் எதையுமே ஒழுங்காக விடாது. திருகுகளும் துருவேறிக் கிடந்தன. ஆன்டெனாவில் அலையை வாங்கிக் கேபிளுக்குக் கொடுக்கும் கம்பிக்கு டைபோல் என்று பெயர். டிவிக்கு இழுக்கிற ஆர்ஜி-6 கேபிள் ஒன்றைப் புதிதாக அந்த டைபோலிலிருந்து நேராக உள்ளறைக்கு இறக்கினேன். புதுச்சேரி 4க்கு ஏறியது. சென்னை 1.

ஆன்டெனாவைத் துல்லியமாகச் சென்னைக்குத் திருப்பினேன். சென்னை 0 ஆனது. அரை மணி நேரம் அதோடு போராடினேன். கேபிளை மாற்றி, முனையை மறுபடி சீவி, ரேடியோவையே சந்தேகப்பட்டேன்.

மின்வெட்டு காட்டியது

மாலை நாலரை மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவில் இரைச்சல் சட்டென்று இறங்கி, அதன் அடியிலிருந்து 101.4இல் ஒரு பெண் குரல் எழுந்தது. அம்மா கட்டிலிலிருந்து, "அதத் தொடாத தம்பி, அப்படியே விடு" என்றார்.

கரண்ட் வந்ததும் குரல் மறுபடி அமுங்கிவிட்டது. மெயினை அணைத்துவிட்டு வீட்டின் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தோம். உள்ளறையில் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த எல்இடி பல்புதான் முக்கியக் காரணம். விலை குறைந்த எல்இடி பல்புகளுக்குள் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சிறு சுற்று இருக்கும். அதன் கசிவைத் தடுக்கும் வடிகட்டி இருக்காது. அந்தக் கசிவு வீட்டு ஒயரிங் வழியாகப் பரவி எஃப்எம் வரை எட்டுகிறது. இரண்டாவது காரணம், தலைமாட்டில் எப்போதும் செருகியே இருந்த ஒரு செல்போன் சார்ஜர்.

வேறு கம்பெனி பல்புகள் மூன்றை வாங்கி, ரேடியோவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து, சத்தம் இல்லாததைப் போட்டோம். சார்ஜரை முன்னறைக்கு அனுப்பினோம். செலவு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். உள்ளறையில் சென்னை 0இலிருந்து 2க்கு வந்தது. கூரையில் நான் அரை நாள் செய்த வேலையைவிட இந்தப் பல்பு செய்தது அதிகம்.

ஆனால் 2 என்பது கேட்கிற அளவு இல்லை.

பின்பக்கம் கேட்கும் ஆன்டெனா

அன்று இரவு வீட்டுக்கு வந்து, கம்பிகளின் நீளத்தைக் குறித்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் உறைத்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. ஒளிபரப்பு நான்காம் சேனலில், அதாவது 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. சென்னையில் எஃப்எம் தொடங்கியது 1977இல், நாட்டிலேயே முதலாவதாக. அது 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அலைவரிசை ஏற ஏறக் கம்பியின் நீளம் குறைய வேண்டும். நான்காம் சேனல் ஆன்டெனாவில் பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் கம்பி 2.35 மீட்டர், முன்னால் நிற்கும் டைரக்டர் கம்பிகள் 2.1 மீட்டருக்குப் பக்கம். 102 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளமோ 1.47 மீட்டர்தான்.

இந்த வகை ஆன்டெனா வேலை செய்வதே கம்பிகளின் நீள வித்தியாசத்தால். அரை அலையைவிடக் கொஞ்சம் குட்டையான கம்பி, அலையைத் தன் பக்கம் இழுத்து டைபோலுக்குக் கொடுக்கும். கொஞ்சம் நீளமான கம்பி, அலையைத் திருப்பி அடிக்கும். 66 மெகாஹெர்ட்ஸில் குட்டையாக இருந்த அதே டைரக்டர், 102 மெகாஹெர்ட்ஸுக்கு மிக நீளம். ஆகவே சென்னையிலிருந்து வரும் எஃப்எம்மை முன்னால் நின்று உள்ளே இழுக்க வேண்டிய மூன்று கம்பிகளும் தடுப்பாக நின்றன. பின்பக்கம் ஒப்பிடத் திறந்து கிடந்தது. இந்த வீட்டிலிருந்து புதுச்சேரி சுமார் 65 கிலோமீட்டர், தெற்கே. சென்னைக்கு ஏறக்குறைய நேர் எதிர்த்திசை. மகன் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். ஆன்டெனா திரும்பவில்லை. வேறு அலைவரிசையில் அது முதுகால் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆன்டெனாவை முழுதாகத் திருப்பி, முதுகைச் சென்னைக்குக் காட்டினேன். 101.4 மூன்றுக்கு வந்தது. இத்தனை வருஷம் குட்டைக் கம்பியை ஸ்டேஷன் பக்கம் காட்டியே பழகிய கைக்கு அந்தத் திசையில் போல்ட்டை முறுக்குவது சிரமமாகத்தான் இருந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வானிலை மாறினாலும் லாரி போனாலும் 3 என்பது 2 ஆகிவிடும். பொருத்தமில்லாத அலைவரிசையில் ஆன்டெனாவின் பார்வை ஒரு முகமாக இருக்காது, பல பக்கம் சிதறும். தேவையில்லாத ஸ்டேஷனும் சேர்ந்து நுழையும். புது எஃப்எம் ஆன்டெனா வாங்கலாம் என்றால் செங்கல்பட்டிலும் கடைகளில் இல்லை. பட்டை ஒயரை 1.42 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, டி எழுத்து வடிவில் டைபோல் கட்டி முன்னறைச் சுவரில் ஒட்டியும் பார்த்தோம். அதற்கு இருபது ரூபாய் கூட ஆகாது. சென்னைக்கு 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இங்கே அது 2ஐத் தாண்டவில்லை.

பழைய ஆன்டெனாவை எஃப்எம் அளவுக்கு வெட்டுவது என்று முடிவு செய்தோம். அலுமினியத்தை வெட்டிக் குறைக்கலாம், இழுத்து நீட்ட முடியாது. நான்காம் சேனல் ஆன்டெனாவாக இருந்ததால் இது முடிந்தது. ஐந்து முதல் பன்னிரண்டு வரையான சேனல்களின் ஆன்டெனாக்களில் கம்பியே ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். அவற்றை எஃப்எம்முக்கு வெட்ட வழியே இல்லை.

வெட்டியது

குறி வைத்த அலைவரிசை 101.4க்கும் 102.3க்கும் நடுவே. ஐந்தில் மூன்று கம்பிகள் போதும் என்று வைத்துக்கொண்டேன். ரிஃப்ளெக்டர் 1.50 மீட்டர், டைபோல் 1.40, டைரக்டர் 1.32. நடுக்குழாயில் ரிஃப்ளெக்டருக்கும் டைபோலுக்கும் இடையே 59 சென்டிமீட்டர், டைபோலுக்கும் டைரக்டருக்கும் 50.

நேர்க் கம்பிகளை வெட்டுவது சுலபம். இரண்டு முனையிலும் சமமாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டைபோல்தான் நேரம் எடுத்தது. அது மடித்த குழாய், இரண்டு முனையிலும் வளைவு. வெட்டினால் வளைவு போய்விடும், மேல் குழாயும் கீழ்க் குழாயும் தனித்தனியாக நிற்கும். அலுமினியப் பட்டையில் ஓட்டை போட்டு, வெட்டிய முனைகளை மேலும் கீழும் போல்ட் போட்டு இணைத்தேன். இணைக்கும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்காமல் விட்டால் ஒரு மழைக்காலத்தில் இணைப்பு போய்விடும்.

மடித்த டைபோல் அலைக்குக் காட்டும் தடை 300 ஓம், கேபிள் காட்டுவது 75 ஓம். இரண்டையும் பொருத்தும் பழைய சுருள் டப்பாவுக்குள் எறும்புப் புற்று. அதற்குப் பதிலாக அதே ஆர்ஜி-6 கேபிளில் 1.22 மீட்டர் துண்டை வளையமாக்கி, அதன் நடுக்கம்பியின் இரு முனைகளை டைபோலின் இரு முனைகளோடு சேர்த்தேன். கீழே இறங்கும் கேபிளின் நடுக்கம்பி ஒரு முனையோடு. கேபிள் உறைக்கு அடியில் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் மேல் வலைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்த்து. கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அரை அலை 1.47 மீட்டர் அங்கே 1.22 ஆகச் சுருங்குகிறது.

குழாயைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 20 அடி ஜிஐ குழாய், அடியில் துரு. சுத்தியலால் தட்டியதும் செதில் செதிலாக உதிர்ந்தது. உயரம் குறைந்தால் சிக்னல் குறையும் என்பது தெரியும். ஆனால் அது காற்றில் சாய்ந்தால் தெருவின் மின்கம்பி மேல் விழும் தூரம். 10 அடியாக வெட்டி, நல்ல பகுதியை மட்டும் நிறுத்தி, மூன்று பக்கம் இழுகம்பி கட்டினேன். குழாயிலிருந்து தனிச் செம்புக் கம்பி இறக்கி மண்ணில் எர்த் போட்டேன்.

ரேடியோவில் ஆன்டெனாத் துளை கிடையாது. கேபிளின் நடுக்கம்பியில் முதலைக் கிளிப் போட்டு, இழுவைக் கம்பியின் அடிப்பாகத்தில் கடிக்க வைத்தேன். மேல் வலையைப் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்த்தேன். மேல் வலையைச் சும்மா விட்டால் கேபிளே வீட்டு இரைச்சலை வாரிக்கொண்டு வரும். இந்தக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குட்டைக் கம்பி சென்னையைப் பார்க்க, செப்டம்பர் கடைசி ஞாயிறன்று இணைத்தோம். உள்ளறையில் 101.4க்கு 5, 102.3க்கு 4. அம்மா எதுவும் சொல்லவில்லை. ரேடியோவை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கேட்டபடியே இருந்தார். மருமகள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போனார்.

பிறகு நடந்தது

நவம்பர் மழையில் 5 என்பது 2 ஆகிவிட்டது. டைபோல் முனையில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. நான் டேப் மட்டும் சுற்றியிருந்தேன். ஈரம் புகுந்த துண்டை வெட்டி எறிந்து, முனைகளில் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து மூடி, கேபிளை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலேற்றிக் கட்டினேன். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை. இடி மின்னல் வந்தால் கிளிப்பைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட வேண்டும் என்று மருமகளுக்குச் சொல்லியிருந்தேன், தவறாமல் செய்தார். எர்த் போட்டுவிட்டோம் என்று இதை விட்டுவிடக் கூடாது.

பிப்ரவரியில் சில விடியற்காலைகளில் 102.3 மேல் சிங்களப் பேச்சு ஏறி வந்தது. கடலோரத்தில் இந்தப் பருவத்தில் குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்றுப் படிந்து, அலையைக் குழாய் போல வெகுதூரம் நடத்திக் கொண்டுவரும். வெயில் ஏறியதும் போய்விடும். இதற்கு ஆன்டெனாவில் செய்ய ஒன்றுமில்லை.

பிறகு மார்ச்சில் ஒரு நாள் நலம் விசாரிக்கப் போயிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மொதல்ல நீ மாடில ஏறுனப்ப பாண்டி ஸ்டேஷன் நல்லா கேட்டுச்சே, அது எங்க போச்சு?" என்றார். அவர் பிறந்த ஊர் புதுச்சேரிக்குப் பக்கம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆன்டெனா இப்போது ஒழுங்காக வேலை செய்ததால், பின்னாலிருந்து வந்த புதுச்சேரியை ஒழுங்காகவே வெளியே நிறுத்திவிட்டது. ஆறு மாதமாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முன்னறையில் தோற்ற பட்டை ஒயர் டைபோலை எடுத்து, மரச்சட்டத்தில் கட்டி, மாடிப்படிக் கூண்டின் வெளியே கிழக்கு மேற்காக நிறுத்தினேன். தெற்கிலிருந்து வருவதற்கு அது முகம் காட்டும். உயரமும் திறந்தவெளியும் கிடைத்ததும் 102.8 உள்ளறையில் 4க்கு வந்தது. கடையில் 1990களின் டிவி கேம் சுவிட்ச் ஒன்று கிடந்தது. டிவி, கேம் என்று இரண்டு பக்கம் தள்ளுகிற சிறு பெட்டி. இரண்டு கேபிளையும் அதில் செருகிக் கட்டில் சட்டத்தில் பொருத்தினோம். எந்தப் பக்கம் எந்த ஊர் என்று விரலுக்குத் தெரிய, மருமகள் ஒரு பக்கத்தில் நூல் சுற்றி வைத்தார். ஏப்ரல் முதல் வாரத்தோடு வேலை முடிந்தது.

மறுபடி செய்தால்

ஏணியை எடுக்கும் முன்பு மெயினை அணைத்து, பேட்டரியில் ரேடியோவைக் கேட்டிருப்பேன். ஐந்து நிமிட வேலை. பல்பு அன்றே அகப்பட்டிருக்கும்.

ஆன்டெனாவைத் திருப்பும் முன்பு டேப்பால் கம்பியை அளந்திருப்பேன். நீளமே அது எந்தச் சேனலுக்கானது, எஃப்எம்மில் எப்படி நடந்துகொள்ளும், வெட்டத் தேறுமா என்பதையெல்லாம் சொல்லிவிடும். வெட்டுவதற்கு முன்பு பட்டை ஒயர் டைபோலை மாடியின் திறந்தவெளியில் வைத்துப் பார்த்திருப்பேன். சுவருக்குள் மட்டும் சோதித்துவிட்டு ஒதுக்கியது அவசரம். மாடியிலேயே அது 4 கொடுத்திருந்தால் வெட்டும் வேலையே வேண்டாமல் போயிருக்கலாம். குழாயின் அடித்துருவையும் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். அன்று அதன் மேல் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பு கட்டில் ஓரம் உட்கார்ந்து, எந்த ஸ்டேஷன் வேண்டும் என்று அந்த அம்மாவிடமே கேட்டிருப்பேன். மகன் சென்னை என்றார், நானும் சென்னை என்று எழுதிக்கொண்டேன். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்: காலையில் பாண்டி, ராத்திரியில் மெட்ராஸ்.